தைபே 101: ஊஞ்சலாடும் 660 டன் குண்டு

[காட்சி: ஏற்காடு லேடீஸ் சீட், அந்தி நேரம். கீழே சேலத்து விளக்குகள்.]

வணக்கம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் காது அடைக்குமே, அதே அடைப்பு எனக்குத் தைவானில் ஒரு லிஃப்டில் வந்தது. 5ஆம் மாடியிலிருந்து 89ஆம் மாடிக்கு 37 நொடி. இடம், தைபே 101. உயரம் 508 மீட்டர். 2004 முதல் 2010 வரை உலகத்தின் உயரமான கட்டடம் இதுதான்.

[காட்சி: பொன்னிறக் குண்டு.]

எல்லாரும் செல்ஃபி எடுப்பது இதோடுதான். விட்டம் 5.5 மீட்டர், எடை 660 டன். 41 இரும்புத் தகடுகளை அடுக்கிப் பற்றவைத்தது. கிட்டே போனால் ஓரங்கள் படிப்படியாகத் தெரியும். 92ஆம் மாடியிலிருந்து கம்பிவடங்களில் தொங்குகிறது.

[காட்சி: வீட்டு மேசை. நிமிர்த்தி இறுக்கிய இரும்பு ஸ்கேல், உச்சியில் நூல், நூலில் ஒரு நட்டு.]

இந்தக் குண்டு எதற்கு? கட்டடத்தின் ஆட்டத்தை அடக்க. ஸ்கேல்தான் கட்டடம், நட்டுதான் குண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேலைச் சுண்டுகிறேன். ஆட்டம் நிற்கவே இல்லை, பார்த்தீர்களா? நூல் நீளம் சரியில்லை. நாலைந்து தடவை கூட்டிக் குறைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. இப்போது ஸ்கேல் ஒரு பக்கம் போக, நட்டு பின்தங்கி எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அந்தக் கட்டடம் ஒருமுறை ஆடி வர ஏறத்தாழ 7 நொடி. குண்டின் ஆட்டமும் அதே தாளத்துக்கு அமைத்தது. அடியில் பைக் ஷாக் அப்சார்பர் போன்ற உருளைகள் அந்த ஆட்டத்தை வெப்பமாக்கிக் கரைத்துவிடும். 2015இல் சௌடெலோர் புயல் அடித்தபோது குண்டு 1 மீட்டர் நகர்ந்தது.

ஆமாம், புயல். நிலநடுக்கத்துக்காகத்தான் இந்தக் குண்டு என்று நானும் நம்பித்தான் போனேன். இதன் முதல் வேலை காற்றைச் சமாளிப்பது, மேலே இருப்பவர்களுக்குத் தலை சுற்றாமல் பார்த்துக்கொள்வது. பூமி குலுங்கும்போது சுமை தாங்குவது 8 ராட்சதத் தூண்கள். இரும்புப் பெட்டிகள், 62ஆம் மாடி வரை உள்ளே கான்கிரீட். அவற்றோடு செல்ஃபி எடுக்க ஆளில்லை, பாவம்!

கட்டிக்கொண்டிருந்தபோதே, 2002 மார்ச் 31இல் ஒரு நிலநடுக்கம். உச்சியிலிருந்த கிரேன்கள் விழுந்து 5 பேர் இறந்தார்கள். எலும்புக்கூடாய் நின்ற கட்டடம் அசரவில்லை. 2024 ஏப்ரல் 3இல் தைவானின் கிழக்குக் கரையிலுள்ள ஹுவாலியன் அருகே நிலநடுக்கம் 7 ரிக்டரைத் தாண்டியபோதும் தாங்கியது.

வீடியோவைப் பார்த்த அம்மா கேட்டது வேறு: "இத்தாம் பெரிய குண்ட எப்படிடா மேல தூக்குனாங்க?"

தூக்கவே இல்லைம்மா. அவ்வளவு எடையைத் தூக்க அங்கே கிரேன் இல்லை. தகடு தகடாக ஏற்றி, மேலேயே வைத்துப் பற்றவைத்தார்கள்.