சந்தா கட்டியவர் எதற்காகத் திரும்பி வருகிறார்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தையல், கேக், ஓவியம், மருதாணி என்று கைத்திறனையே தொழிலாக்கிக்கொண்டவர்களுக்காக இணையத்தில் ஓர் உறுப்பினர் குழுமம் தொடங்க விரும்புவோர் என்னிடம் முதலில் கேட்பது, எந்தச் செயலியில் தொடங்கலாம், எத்தனை காணொளிகள் வேண்டும் என்பதைத்தான். மூன்று ஆண்டுகளாக அப்படி ஒரு குழுமத்தை நடத்திவரும் எனக்கும் தொடக்கத்தில் அதே எண்ணந்தான் இருந்தது. வாரம் இரண்டு பாடங்கள் பதிவு செய்தேன். உறுப்பினர்கள் பார்த்தார்கள், நன்றி சொன்னார்கள், சில மாதங்களில் சந்தாவை நிறுத்திக்கொண்டார்கள். மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து பேர் விலகுவது பெரிதாகத் தோன்றாது. ஆனால் அதே விகிதம் நீடித்தால், இன்றைய 100 பேரில் ஓராண்டு முடிவில் எஞ்சியிருப்போர் ஏறத்தாழ 54 பேர்தான்.

என் எண்ணத்தை மாற்றியது தீபாவளிக்கு முந்தைய ஓர் இரவு. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டிலிருந்து ஆரி வேலைப்பாட்டுடன் இரவிக்கை தைத்துத் தரும் ஒரு சகோதரி, தைத்து முடித்ததைப் படமெடுத்துப் போட்டு, "இதற்கு 80 வெள்ளி கேட்டால் அதிகமா?" என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுத உட்காருவதற்குள், ஜூரோங்கில் கேக் செய்யும் இன்னோர் உறுப்பினர் தம் கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தையே படமெடுத்து அனுப்பிவிட்டார். மாவு, வெண்ணெய், பெட்டி என்று இறங்கிய பட்டியலின் அடியில், அடுப்படியில் நின்ற நேரத்துக்கு மணிக்கு 12 வெள்ளி என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. "முதல் இரண்டு வருஷம் நான் இதைப் போடவே இல்லை, அக்கா" என்று கூடவே ஒரு வரி. அந்தச் சகோதரி தம் வேலையை அதேபோல் கூட்டிப் பார்த்தார்: ஒன்பது மணி நேர உழைப்புக்கு 108 வெள்ளி, நூலுக்கும் பாசிமணிக்கும் 32 வெள்ளி, ஆக 140. என் பாடங்களில் விலை நிர்ணயத்துக்கென்றே நான்கு காணொளிகள் இருந்தன. அவற்றால் ஆகாததை அந்த ஒற்றை நோட்டுப் பக்கம் செய்தது.

பெறுபவர்களே தருபவர்களாக மாறுவது நம் சிங்கப்பூருக்குப் புதிதன்று. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு நாளிதழ் பின்னாளில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியை நடத்தியபோது, படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளே எழுதத் தொடங்கினார்கள். இந்நாட்டின் எழுத்தாளர் பலர் அங்கிருந்து வந்தவர்கள்.

ஆகவே வாரம் ஒரு பாடத்தை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் ஆட்களை இணைத்துவைக்கத் தொடங்கினேன். புதிதாகச் சேர்பவரிடம் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றையும் இப்போது தவிக்கும் ஒன்றையும் கேட்டு, அதற்குப் பொருத்தமான இருவரை முதல் வாரத்திலேயே அறிமுகப்படுத்துகிறேன். பிள்ளைகள் உறங்கியபின், புதன் இரவு ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு பேருக்கு மேற்படாத அமர்வு நடக்கும். மாதந்தோறும் பேநவ் என்னும் மின்வழிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாகப் பணம் கேட்டு நினைவூட்டுவது இரு தரப்புக்கும் சங்கடமாக இருந்ததால், ஆண்டுச் சந்தாவுக்கு மாறினோம்.

கணக்கு நோட்டைத் திறந்து காட்டுபவருக்கு அது வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மைப் போன்ற சிறு குழுமங்களையும் கட்டுப்படுத்தும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. விண்ணப்பப் படிவத்தில் அடையாள அட்டை எண்ணைக் கேட்கும் பழைய வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள்; பெயரும் தொடர்பு எண்ணும் போதும்.

இரண்டு வாரம் சத்தமே இல்லாதவரை நானே தொலைபேசியில் அழைக்கிறேன். அப்படி அழைத்தபோது, திருமணப் படங்கள் எடுக்கும் தம்பி ஒருவர், தம் அம்மா மருத்துவமனையில் இருப்பதாகவும் சந்தாவைப் புதுப்பிக்க இயலாதென்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். மூன்று மாதம் தவணை கொடுத்தோம். இப்போது மாதம் ஒரு புதன்கிழமை அமர்வை அவரே நடத்துகிறார். எடுத்த படங்களின் உரிமையை வாடிக்கையாளருக்கு எந்த அளவுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்பதை அடுத்த வாரம் பேசவிருக்கிறார்.