25 என்று சொன்னால் அவுட்! ஏற்காடு பஸ் கணக்கும் சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வும்

[திரையில்: ஏற்காடு மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பஸ்]

ஏற்காட்டுக்கு ஒரு பஸ் ஏறுகிறது. ஏறும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். அதே பாதையில் இறங்கும்போது மணிக்கு 30. போய் வந்த மொத்தப் பயணத்துக்கும் சராசரி வேகம் என்ன? வீடியோவை நிறுத்துங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள். "25" என்று பதில் வந்ததா? அப்படியானால் இந்த வீடியோ உங்களுக்குத்தான்.

வணக்கம். இன்றைக்கு அமராவதிநகர் சைனிக் பள்ளியின் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைப் பற்றிப் பேசப்போகிறோம். வாழப்பாடி, ஓமலூர், மேட்டூர் என்று சேலம் மாவட்டத்தில் எங்கே இருந்து பார்த்தாலும் சரி, வீட்டிலேயே எப்படித் தயார் செய்வது என்பதுதான் விஷயம்.

முதலில் பின்னணி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உடுமலைப்பேட்டை பக்கம், அமராவதி அணைக்கு அருகில், 1962 முதல் நடந்துவரும் விடுதிப் பள்ளி இது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. சேர்க்கை ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நடக்கிறது. பெண் பிள்ளைகளையும் 2021-22 முதல் சேர்க்கிறார்கள். தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. ஆறாம் வகுப்புக்கு, சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று பிள்ளைக்கு 10 முதல் 12 வயதுக்குள் இருக்க வேண்டும். இடங்களில் 67 சதவீதம் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு.

இப்போது பலருக்குத் தெரியாத ஒன்று. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். மொத்தம் 13 மொழிகளில் வினாத்தாள் வருகிறது, அதில் தமிழும் உண்டு. ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். அதனால் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புதான் நல்ல வாசல். "அது இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்களுக்கு" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை தன் மொழியிலேயே யோசித்து எழுதக்கூடிய தேர்வு இது. இந்தத் தகவல் போய்ச் சேராததாலேயே எத்தனையோ பிள்ளைகள் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். மொத்தம் 300. கணக்கில் 50 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண், ஆக 150. மொழி, நுண்ணறிவு, பொது அறிவு மூன்றிலும் தலா 25 கேள்விகள், தலா 50 மதிப்பெண். அதாவது சரிபாதி கணக்கு. ஆனால் வீடுகளில் பார்த்தால், பிள்ளை கையில் தடிமனான பொது அறிவுப் புத்தகம்தான் இருக்கும். தலைநகரங்களையும் நாணயங்களையும் உருப்போட்டுக்கொண்டு இருக்கும். அந்த நேரத்தைக் கணக்குக்குக் கொடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எழுதுவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. ஆனால் பாடத்திட்டத்தில் விகிதம், லாப நட்டம், சதவீதம், தனிவட்டி, சராசரி, வேகமும் நேரமும் எல்லாம் இருக்கின்றன. நம் சமச்சீர்ப் பாடநூலில் விகிதமும் லாப நட்டமும் ஆறாம் வகுப்பில்தான் வருகின்றன, தனிவட்டி ஏழாம் வகுப்பில். ஆகவே பள்ளிப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகூட இங்கே திணறலாம். அது பிள்ளையின் குற்றம் இல்லை, இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். ஆறு, ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களைப் பக்கத்து வீட்டு அண்ணனிடமோ அக்காவிடமோ வாங்கிக்கொள்ளுங்கள். அரசு இணையதளத்திலும் இலவசமாகவே கிடைக்கின்றன.

[திரையில்: கரும்பலகை. மேலே 20, கீழே 30]

இப்போது நம் பஸ்ஸுக்கு வருவோம். இதை ஆற அமரப் பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

20ஐயும் 30ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 25. ஏன் தவறு? பிள்ளையிடம் உடனே சூத்திரத்தைச் சொல்லிவிடாதீர்கள். "கண்ணு, ஏற எவ்வளவு நேரம் ஆகும், இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள். மலைப்பாதை 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏற ஒன்றரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம். மொத்தம் 60 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். 60ஐ இரண்டரையால் வகுத்தால் 24. பஸ் மெதுவாகப் போன நேரம்தான் அதிகம், அதனால் சராசரி 20 பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. பிள்ளைக்கு இது புரியும் நொடியில் முகத்தைப் பாருங்கள்!

இன்னும் இருக்கிறது. தூரத்தை 60 கிலோமீட்டர் என்று மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஏற மூன்று மணி, இறங்க இரண்டு மணி, 120ஐ 5ஆல் வகுத்தால்? மறுபடியும் 24! தூரம் எவ்வளவாக இருந்தாலும் விடை மாறாது. அதனால்தான் நான் ஆரம்பத்தில் தூரத்தையே சொல்லவில்லை. தூரம் கொடுக்காமல் கேள்வி வந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு வேகத்துக்கும் மீச்சிறு பொது மடங்கை எடுத்துத் தூரமாக வைத்துக்கொள்ளலாம். 20க்கும் 30க்கும் 60. பின்னமே வராது, மனதிலேயே முடிந்துவிடும். மீ.பொ.ம. எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு அதன் பயன் இங்கே தெரிந்துவிடும்.

அப்புறம் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். பஸ் ஒரு மணி நேரம் 20இல் போகிறது, இன்னொரு மணி நேரம் 30இல் போகிறது. இப்போது சராசரி? இப்போது 25தான் சரி! தூரம் சமமா, நேரம் சமமா என்று பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளை இந்தக் கேள்வியில் எந்நாளும் ஏமாறாது. இப்படி ஒரு கணக்கை நான்கு விதமாகத் திருப்பிப் பார்ப்பது, நாற்பது கணக்கை ஒரே விதமாகப் போடுவதைவிட எவ்வளவோ மேல். மாலையில் ஒரே ஒரு கணக்கு போதும், ஆனால் இப்படிப் போடுங்கள்.

ஊரிலேயே கணக்கு கொட்டிக் கிடக்கிறது. கொலுசுப் பட்டறை வீடா? ஒரு கிலோவில் 80 சதவீதம் வெள்ளி என்றால் கலப்பு எத்தனை கிராம் என்று கேளுங்கள். தறி வீடா? பாவு, ஊடை, கூலி எல்லாவற்றையும் போட்டு ஒரு சேலையின் லாபத்தைப் பிள்ளையையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

[திரையில்: விடைத்தாள், வட்டங்கள்]

அடுத்தது ஓ.எம்.ஆர். விடைத்தாள். பேனாவால் வட்டத்தை நிரப்ப வேண்டும், நிரப்பியதை மாற்ற முடியாது. 125 கேள்விகளுக்கு 150 நிமிடம், ஒரு கேள்விக்கு 72 விநாடி. பத்து வயதுப் பிள்ளை ஓவியம் தீட்டுகிற மாதிரி பொறுமையாக வட்டத்துக்கு 10 விநாடி எடுத்தால், நிரப்புவதற்கே கிட்டத்தட்ட 21 நிமிடம் போய்விடும். 4 விநாடியில் முடிக்கப் பழகினால் எட்டரை நிமிடம் போதும். மிச்சமாகும் 12 நிமிடத்தில் பத்துக் கேள்விகளுக்கு விடை யோசிக்கலாம்! மாதிரித் தாளை ஜெராக்ஸ் எடுத்து வாரம் ஒன்று கொடுங்கள். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததின் விடையை அந்த வரிசையில் நிரப்பிவிட்டால் அதற்குப் பின்னால் எல்லாமே தவறு. அதனால் எண்ணைப் பார்த்து, வாய்க்குள் சொல்லி, நிரப்பும் பழக்கம் வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை. ஆகவே ஒரு வட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

நுண்ணறிவுக்குப் பழைய வினாத்தாள்கள் போதும். பொது அறிவுக்குத் தினமும் செய்தித்தாள், கூடவே முப்படைகளின் பதவி வரிசை. மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது மாதிரி நம்மூர் விஷயங்களை அங்கேயே கூட்டிப்போய்ச் சொல்லுங்கள், மறக்காது.

ஒவ்வொரு பாடத்திலும் 25 சதவீதம், மொத்தத்தில் 40 சதவீதம் என்று குறைந்தபட்சம் வைத்திருக்கிறார்கள். அது தகுதிக்கு மட்டும். இடம் கிடைப்பது தரவரிசைப்படி, அதற்குப் பிறகு மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பத்து வயதில் வீட்டை விட்டு விடுதிக்குப் போகப்போவது பிள்ளைதான். உடுமலைப்பேட்டை வழியாக ஒரு நாள் அமராவதி அணைக்குக் கூட்டிப்போங்கள், அங்கே முதலைப் பண்ணையும் இருக்கிறது. ஊரைப் பார்த்துவிட்டு, "இங்கே தங்கிப் படிக்கப் பிடிச்சிருக்கா?" என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பிடித்திருக்கிறது என்றால் சான்றிதழ் வேலையை இப்போதே தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் இரண்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் கவனிக்க: நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் இங்கே போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். உங்கள் வீட்டில் பஸ் கணக்குக்கு என்ன பதில் வந்தது என்று கமெண்டில் எழுதுங்கள். தனிவட்டியை அடுத்த வீடியோவில் போடுவோம்.