ஆற்றுக்குத் தெற்கே ஒரு பாட்டு

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கிற பெரியோர்களே, வணக்கம்.

‘வேடிக்கைப் பாட்டு ஹிட்டானால் இசைக்கு வரவா, செலவா?’ என்பது தலைப்பு. வரவுதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி ‘கங்னம் ஸ்டைல்’ என்ற கொரியப் பாட்டை எடுத்துக்கொண்டு, “கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் குதித்தார், உலகம் சிரித்தது, மறந்துவிட்டது. நல்ல பாட்டின் இடத்தை அது பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்” என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, நானும் அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

கங்னம் என்றால் கொரிய மொழியில் ஆற்றுக்குத் தெற்கு. சியோல் நகரில் ஹான் ஆற்றின் தென்கரை. 1970-களுக்கு முன்னால் அங்கே பெரும்பாலும் வயலும் தோட்டமும்தான். அப்புறம் பாலம் வந்தது, அடுக்குமாடிகள் வந்தன, நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. இன்று பணக்காரர்களின் முகவரி அது. அந்த முகவரி இல்லாமலே அங்கே வாழ்கிறவர் மாதிரி நடந்து காட்டுகிறார்களே, அவர்களைப் பற்றிய பாட்டு இது. பாடிய சை அந்தப் பகுதியில் வளர்ந்தவர். அதனால்தான் கிண்டல் அவ்வளவு கச்சிதமாக விழுகிறது.

தோழி அந்த வீடியோவை இன்னொரு முறை பார்க்க வேண்டும். முதல் காட்சியில் சை கடற்கரையில் சாய்ந்து படுத்திருக்கிறார். கேமரா பின்னால் போகிறது. கடலே இல்லை, பிள்ளைகள் விளையாடுகிற மணல்! இரண்டு பெண்களோடு மிடுக்காக நடந்து வருகிறார். எதிர்க்காற்றில் குப்பைகூளம் முகத்தில் அடிக்கிறது. அப்புறம் அந்தக் குதிரை ஆட்டம். நம் பொய்க்கால் குதிரையில் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு கூடாவது உண்டு. இவருக்கு அதுவும் இல்லை, கடிவாளம் பிடித்த கை மட்டும்தான். இல்லாத குதிரையில் ஏறி இருக்கிறதாகக் காட்டுவதுதானே அந்த வாழ்க்கை? நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

எனக்குக் கொரிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. முதலில் நானும் சிரிக்கத்தான் சிரித்தேன். சிரித்த பிறகுதான் பொருள் என்ன என்று தேடினேன், வரைபடத்தில் ஹான் ஆறு எங்கே என்று பார்த்தேன். சிரிப்பு இல்லாவிட்டால் அந்த ஊர்ப் பக்கம் நான் திரும்பியே இருக்க மாட்டேன்.

இதைத் திடீர் அதிர்ஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது. சை தன் முதல் ஆல்பத்தை 2001-இல் வெளியிட்டவர். அதன் பாட்டு வரிகளுக்காக அபராதம் கட்டியவர். கங்னம் ஸ்டைல் வந்தது 2012 ஜூலை 15-இல், அவருடைய ஆறாவது ஆல்பத்தில். பதினோரு வருட உழைப்பு அதற்குப் பின்னால் நிற்கிறது.

நல்ல பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்கிறார்கள். பிரிட்டனில் முதலிடம் வந்தது, உண்மை. விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் கணக்கிட்டு வாராவாரம் பாட்டுகளை வரிசைப்படுத்துகிற அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் ஏழு வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றது. கொரிய மொழிப் பாட்டு வானொலியில் அவ்வளவாக ஒலிக்காத நாடு அது. யூடியூபில் மக்கள் பார்ப்பதை அன்று அந்தப் பட்டியல் கணக்கில் எடுக்கவில்லை. 2013 பிப்ரவரியில்தான் எடுக்கத் தொடங்கியது. 2020-இல் பிடிஎஸ் என்ற கொரிய இசைக்குழுவின் பெரும்பகுதி கொரிய மொழியிலான பாட்டு ஒன்று அதே பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. சை ஒருவரே வழி திறந்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொரியச் சொற்களை உலகத்தின் காதுக்குப் பழக்கியதில் அவர் பங்கு பெரியது. அவர் யார் இடத்தைப் பிடுங்கினார்? இருக்கிற இடத்தைப் பெரிதாக்கினார், நடுவர் அவர்களே!

மறந்துவிட்டது என்றாரே தோழி? யூடியூபில் முதன்முதலில் 100 கோடி பார்வையைத் தொட்ட வீடியோ அது, 2012 டிசம்பர் 21-இல். 2014-இல் அந்த எண்ணிக்கை 214 கோடியைத் தாண்டியபோது, யூடியூபின் பழைய கணக்கு முறையில் எண்ண அதற்குமேல் இடமே இல்லை. முறையையே மாற்ற வேண்டி வந்தது.

இன்று கங்னத்தில் கோயெக்ஸ் என்ற கண்காட்சி வளாகத்தின் முன்னால் ஒரு சிலை இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு பெரிய கைகள், அந்தக் கடிவாளக் கைகள். எந்த ஊரைப் பாட்டு கிண்டல் செய்ததோ, அந்த ஊரே வைத்த சிலை அது.

நன்றி, வணக்கம்.