ரிட்டயர் ஆனால் உடம்பு கெடுமா? அதே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் தெரியும்

"ரிட்டயர் ஆனதும் மனுஷன் ஒடிஞ்சு போயிட்டாரு" என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். "வேலையை விட்டப்புறம்தான் தெம்பா இருக்காரு" என்றும் கேட்டிருப்பீர்கள். இதில் எது உண்மை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அதற்கு எந்த மாதிரி டேட்டா வேண்டும், அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: இரண்டு பட்டைகள். ஒன்று வேலையில் இருப்பவர்கள், இன்னொன்று ஓய்வு பெற்றவர்கள்]

அறுபது வயதை ஒட்டியவர்கள் ஆயிரம் பேரிடம் இன்றைக்கு ஒரே ஒரு தடவை போய்க் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவர்களிடம் மூட்டுவலி, பிரஷர், நெஞ்சுவலி எல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். உடனே 'ஓய்வு உடம்பைக் கெடுக்கிறது' என்று எழுதிவிடத் தோன்றும். எழுதக் கூடாது. முட்டி தேய்ந்து நிற்க முடியாமல்தானே அவர்களில் பலர் வேலையையே விட்டிருப்பார்கள்? நோய் முதலில் வந்ததா, ஓய்வு முதலில் வந்ததா என்கிற தகவல் அந்த சர்வேக்குள் கிடையாது. ஆயிரத்துக்குப் பதில் லட்சம் பேரைக் கேட்டாலும் அது வந்துவிடாது. கேட்ட ஆளையே மறுபடி போய்க் கேட்கணும்.

அப்படிக் கேட்பதில் உலகத்துக்கே வழிகாட்டி அமெரிக்காவின் 'ஹெல்த் அண்ட் ரிட்டயர்மென்ட் ஸ்டடி', சுருக்கமாக எச்ஆர்எஸ். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992இல் தொடங்கியது. 1931க்கும் 1941க்கும் இடையில் பிறந்தவர்கள், அவர்களின் கணவன் அல்லது மனைவி என்று 12,000 பேருக்கு மேல் பிடித்தார்கள், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அதே ஆட்களைக் கேட்கிறார்கள், ஆறு வருஷத்துக்கு ஒரு முறை அம்பதைத் தாண்டிய புதுத் தலைமுறையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இப்போது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 20,000 பேர். இதைப் பார்த்து இங்கிலாந்து 2002இல் 'எல்சா' தொடங்கியது, 2004இல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 'ஷேர்' தொடங்கின, 2011இல் சீனா 'சார்ல்ஸ்' தொடங்கியது.

என்ன கேட்பார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் டேட்டாவின் தரம் அங்கேதான் இருக்கிறது. ஞாபகசக்திக்கு ஒரு சோதனை வைக்கிறார்கள். பத்து வார்த்தைகளைப் படித்துக் காட்டுவார்கள்: ஹோட்டல், ஆறு, மரம், தோல், தங்கம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வார்த்தைகள். உடனே திருப்பிச் சொல்லணும். வேறு கேள்விகள் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் திடீரென்று "அந்த வார்த்தைகளை மறுபடி சொல்லுங்கள்" என்பார்கள். இரண்டு தடவையும் சேர்த்து 20 மார்க். அதே பட்டியலை ஒவ்வொரு சுற்றிலும் கொடுத்தால் பழகிவிடும் இல்லையா, அதற்காகப் பட்டியலை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள்.

காசு விஷயத்திலும் அதே கவனம். "உங்களிடம் எவ்வளவு சேமிப்பு?" என்று கேட்டால் பலர் சொல்ல மாட்டார்கள், இல்லையென்றால் தெரியாது என்பார்கள். அங்கே விட்டுவிடாமல், "இந்தத் தொகைக்கு மேலா, கீழா?" என்று கேட்டு, பதிலைப் பொறுத்து அடுத்த தொகைக்குப் போய், ஒரு வரம்புக்குள்ளாவது கொண்டுவந்துவிடுவார்கள். சாதாரணமாகத் தெரிகிற இந்த ஏற்பாடு இல்லையென்றால் சொத்து பற்றிய பகுதி முழுக்க ஓட்டையாகத்தான் இருந்திருக்கும்.

[திரையில்: ஒரே ஆளின் கோடு, 2002, 2004, 2006, 2008]

சரி, இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஒரே ஆளின் நாலு சுற்று நம் கையில் இருந்தால் 2004இல் அவருக்கு மாரடைப்பு வந்தது, 2006இல் ஓய்வு பெற்றிருக்கிறார் என்று வரிசை தெரிந்துவிடும். அவரை வேறு யாரோடும் ஒப்பிடாமல், ஓய்வுக்கு முந்தைய அவரோடேயே ஒப்பிடலாம். இது பெரிய லாபம், ஆனாலும் போதாது. இரண்டு சுற்றுக்கு நடுவில் உடம்பு சரியில்லாமல் போய், அதனாலேயே வேலையை விட்டவர் இன்னமும் நம்மை ஏமாற்றுவார்.

ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த விஷயமும் இதுதான். அமெரிக்காவில் 'சோஷியல் செக்யூரிட்டி' என்கிற அரசு ஓய்வூதியத்தை 62 வயதிலிருந்து வாங்கலாம். 62ஆவது பிறந்தநாளன்று யாருக்கும் திடீரென்று நோய் வருவதில்லை, ஆனால் அந்த வயதில் நிறைய பேர் வேலையை விடுகிறார்கள். ஆக, பென்ஷன் விதி தள்ளிவிட்டதால் ஓய்வு பெற்றவர்களுக்கு என்ன ஆனது என்று தனியாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. சூசன் ரோவெடர், ராபர்ட் வில்லிஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2010இல் எச்ஆர்எஸ், எல்சா, ஷேர் மூன்றையும் சேர்த்து, நாட்டுக்கு நாடு மாறுகிற ஓய்வூதிய விதிகளை வைத்து இதைத்தான் செய்தார்கள். சீக்கிரம் ஓய்வு பெறுவது அறுபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களின் ஞாபகசக்தியைக் கணிசமாகக் குறைக்கிறது என்று அவர்கள் கணக்கு காட்டியது. அதே எச்ஆர்எஸ் டேட்டாவை வைத்துச் செய்த வேறு ஆய்வில், ஓய்வுக்குப் பிறகு மக்கள் தங்கள் உடல்நிலை நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று வந்தது. இரண்டும் மோதவில்லை. வார்த்தைகளை ஞாபகம் வைப்பது வேறு, உடம்பு எப்படி இருக்கிறது என்று தானே உணர்வது வேறு. 'ஆரோக்கியம்' என்று ஒரே சொல்லில் அடக்கி, ஓய்வு நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எதை அளந்தீர்கள் என்றுதான்.

அடுத்தது, காணாமல் போகிறவர்கள். இதைப் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. நோயாளிகள்தான் முதலில் பதில் சொல்வதை நிறுத்துவார்கள், ஏழைகள் வீடு மாறிப் போவார்கள், சிலர் இறந்துவிடுவார்கள். பத்தாவது சுற்று வரை இருப்பவர்களை மட்டும் வைத்து முதுமையைப் பற்றிப் பேசினால், திடமாக இருப்பவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். எச்ஆர்எஸ் இதில் பாடுபடுகிறது. பேச முடியாதவருக்குப் பதில் மகளோ மனைவியோ பதில் சொல்லலாம். ஒருவர் இறந்துவிட்டால் குடும்பத்தில் ஒருவரிடம் கடைசிப் பேட்டி எடுக்கிறார்கள்: கடைசி மாதங்களில் யார் பார்த்துக்கொண்டது, ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு, சொத்து யாருக்குப் போனது. நீங்கள் இந்த டேட்டாவைத் தொடப்போகிற மாணவர் என்றால், மாடல் ஓட்டுவதற்கு முன்னால் எந்தச் சுற்றில் யார் ஆய்விலிருந்து காணாமல் போனார்கள், அவர்களின் முந்தைய உடல்நிலை என்ன என்று ஒரு அட்டவணை போடுங்கள்.

இறந்துபோனவர்களையும் கணக்கில் வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2018இல் வந்த ஓர் ஆய்வு நல்ல உதாரணம். எச்ஆர்எஸ்ஸில் 8,714 பேரை 20 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டே வருஷத்தில் சொத்தில் முக்கால் பங்கு அல்லது அதற்கும் மேல் இழந்தவர்களின் இறப்பு அபாயம், சொத்து கரையாதவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. ஒரு நாள் சர்வேயில் அவர் வெறும் ஏழையாக மட்டும் தெரிந்திருப்பார், இழந்தவர் என்பது தெரிந்தே இருக்காது.

[திரையில்: இந்திய வரைபடம்]

நம் நாட்டில் இதற்கு இணையானது 'லாசி' என்கிற முதுமை ஆய்வு. மும்பையில் இருக்கும் ஐஐபிஎஸ் என்ற மக்கள்தொகை ஆய்வு நிறுவனம், ஹார்வர்டோடும் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து நடத்துகிறது. 2017-18இல் தொடங்கிய முதல் சுற்றில் 45 வயதைத் தாண்டியவர்களும் அவர்களின் துணையுமாக 72,250 பேர். இங்கே சிக்கல்கள் வேறு. கேட்டால் பலர் 60, 65, 70 என்று முழுசாகத்தான் வயது சொல்வார்கள். களத்து வேலைக்குப் போகிற அம்மாவுக்கு ரிட்டயர்மென்ட் என்று ஒரு தேதியே கிடையாது. டிமென்ஷியா என்கிற மறதி நோயைச் சோதிக்கும் 'லாசி-டாட்' என்ற கிளை ஆய்வில், எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் 'கண்ணை மூடு' என்று எழுதிய அட்டையை நீட்டுவதில்லை, "என் முகத்தைப் பாருங்கள், நான் செய்வதைச் செய்யுங்கள்" என்று சொல்லிக் கண்ணை மூடிக் காட்டுகிறார்கள். அந்த ஆய்வின்படி 60ஐத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. எவ்வளவு பேருக்கு என்பதற்கு முதல் சுற்றே போதும். எதனால் என்று சொல்ல அது போதாது.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. அரசு ஊழியர் ஓய்வு வயது 2020 மே மாதம் 58லிருந்து 59 ஆனது, 2021இல் 60 ஆனது. 2020 ஏப்ரல் கடைசியில் முடித்தவர் 58இல் வீட்டுக்குப் போனார், மே கடைசியில் முடிக்க வேண்டியவர் இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்த்தார். இருவருக்கும் வயது வித்தியாசம் ஒரு மாதம்தான். நடுவில் கொரோனா வந்தது, ஒருவர் வீட்டில், ஒருவர் ஆபீசில், அதையும் கணக்கில் எடுக்கணும். லாசியில் இப்படிப்பட்டவர்கள் வெகு சிலரே வருவார்கள் என்பதால் அது இதற்குப் பத்தாது, சம்பளப் பதிவேட்டிலிருந்து பட்டியல் எடுத்து, சம்மதம் வாங்கி, தனியாகக் கேட்கணும். இருவரும் இப்போது அறுபதைத் தாண்டியிருப்பார்கள். இன்று தொடங்கினாலும் அவர்களின் எழுபதுகளில் என்ன நடக்கிறது என்று பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது.