பெயர் சொல்லி வேண்டிக்கொண்டவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நாற்பதைத் தாண்டிய எழுத்தாளருக்கு ஒரு சிக்கல் வந்து சேர்கிறது. கற்பனையில் தோன்றியதையும் புத்தகங்கள் கிளப்பிவிட்டதையும் இளமையிலேயே எழுதித் தீர்த்தாயிற்று. இப்போது கையில் மிஞ்சியிருப்பது வாழ்ந்த வாழ்க்கை. அதுவோ தனிச்சொத்து இல்லை. அம்மாவுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் கட்டிக்கொண்டவருக்கும் பெற்ற பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு. உன் கதையில் நான் வருகிறேன் என்று அவர்கள் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்தச் சிக்கலில் கடவுள் நம்பிக்கை எனக்கு எப்படித் துணை வந்தது என்பதைத்தான் இன்று பேச நினைக்கிறேன்.

இரவு படுக்கப் போகுமுன் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வேண்டிக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம். அம்மா சொல்லிக்கொடுத்தது. பேச்சுவார்த்தை நின்றுபோன உறவுகளின் பெயர்களும் அதில் வரும். ஒன்றைக்கூட விட அம்மா சம்மதித்ததில்லை. என் அண்ணன் பெயரும் அந்த வரிசையில் உண்டு. அப்பா விட்டுப்போன வீட்டில் எனக்குப் பங்கு தர அவர் ஒப்பவில்லை. பல வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம். ஆனாலும் ராத்திரி அவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் படுப்பேன். பல நாள் வாய்தான் சொல்லும், மனம் கூட வராது. அப்படிச் சொன்னதையும் கடவுள் தள்ளிவிடுவதில்லை என்றே நம்புகிறேன்.

அந்தச் சமயத்தில் ஓர் அண்ணன் தங்கை கதை எழுத உட்கார்ந்தேன். அண்ணனைக் கல்நெஞ்சக்காரனாகத்தான் யோசித்து வைத்திருந்தேன். அவன் அப்படி நிற்க மறுத்தான். என் அண்ணனின் ஒரு பழக்கம் குறுக்கே வந்தது. இரவில் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவார். கதவை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போவார். பாதி வழியில் நின்று, இருட்டிலேயே திரும்பி வந்து, தாழ்ப்பாளை விரலால் தடவிப் பார்ப்பார். சின்ன வயதில் எங்களுக்கு அது வேடிக்கை. எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா போனபோது அண்ணன் படிப்பையே முடித்திருக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குக் காவல் அவர்தான். கதையில் அவன் செய்வது அநியாயமாகவே இருக்கிறது, அதை நான் மாற்றவில்லை. ஆனால் அவன் பயந்துபோன பையன் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும். ஒருவருக்கு நல்லது கேட்டுக் கேட்டுப் பழகிய வாயால் அவரை அரக்கன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. கதை அச்சானதும் அவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. வேண்டுதலில் பெயர் தொடர்கிறது.

பக்தியும் எழுத்தும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைத்தவர்கள் உண்டு. ஆங்கிலக் கவிஞர் ஹாப்கின்ஸ் 1868இல், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேரும் வேளையில், தன் கவிதைகளைத் தீயிலிட்டார். ஏழு ஆண்டுகள் கவிதையை ஏறக்குறைய மறந்தே இருந்தார். 1875 டிசம்பரில் ஒரு கப்பல் மூழ்கி, அதில் ஐந்து கன்னியாஸ்திரீகள் இறந்தார்கள். இதைப் பற்றி யாராவது கவிதை எழுதலாமே என்று மேலதிகாரியான குரு சொன்ன ஒரு சொல் போதுமானதாக இருந்தது. உள்ளே அடைத்து வைத்ததெல்லாம் திறந்துகொண்டது. அவர் எரித்த தாள்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு வலிக்கிறது. கடவுள் அதைக் கேட்டிருப்பார் என்று என்னால் எண்ண முடியவில்லை.

என் மனம் ஒட்டுவது பாக் என்ற ஜெர்மானிய இசை மேதையோடுதான். 1723இல் லைப்சிக் நகரத் தேவாலயங்களின் இசைப் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 38. முதல் சில ஆண்டுகள் ஏறக்குறைய வாரம் ஒரு புதிய இசைக்கோவை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை பாடியாக வேண்டும், தள்ளிப்போட வழியில்லை. பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் தனித்தனியே படியெடுத்துக் கொடுத்தவர்களில் மாணவர்களோடு மனைவி அன்னா மக்தலேனாவும் பிள்ளைகளும் உண்டு. இரண்டு மணங்களில் பிறந்த 20 பிள்ளைகளில் 10 பேர்தான் வளர்ந்து ஆளானார்கள். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு, பல தாள்களின் தலைப்பில் ‘இயேசுவே, துணை செய்’ என்பதற்கு இரண்டெழுத்தும், கடைசியில் ‘இறைவன் ஒருவனுக்கே மகிமை’ என்பதற்கு மூன்றெழுத்தும் போட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த வாரத்தில் அந்த மூன்றெழுத்தை எழுத எவ்வளவு திடம் வேண்டும்!

நம்மிடையே வேதநாயகம் பிள்ளை இருந்தார். மாயூரத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வேலை பார்த்தவர், கத்தோலிக்கர், எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனைகளை இயற்றியவர். தாது வருஷப் பஞ்சத்தில் கைப்பொருளைக் கொடுத்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தவர். தமிழின் முதல் நாவலை அவர் வெளியிட்டது 1879இல், ஐம்பது வயதுக்கு மேல். ‘இனிமேல் என்ன எழுதப் போகிறோம்’ என்று சோர்ந்து கேட்கும் நண்பர்களிடம் நான் அவரைத்தான் சொல்வேன்.

அண்மையில் என் மகள், மேஜையில் கிடந்த நாவல் பக்கம் ஒன்றைப் படித்துவிட்டாள். “அம்மா, இது நான்தானே? அன்னிக்கு நான் கதவைச் சாத்திக்கிட்டு அழுததை எதுக்கு இதுல எழுதின?” என்று கேட்டாள். அந்த நாவலிலேயே நல்ல பக்கம் அது. எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன். வைத்திருக்கிறாளா, கிழித்துவிட்டாளா என்று கேட்கவில்லை. அண்ணன் பெரியவர், பதில் சொல்ல விரும்பினால் சொல்லத் தெரிந்தவர். இவள் இன்னும் என் பொறுப்பில் இருப்பவள். அந்த இடத்தில் இப்போது, மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற தாய்க்கு என்ன நடந்தது என்பதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அது என் பங்கு, அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். முன்னதைவிடக் கடினமாக இருக்கிறது, மெதுவாகத்தான் நகர்கிறது.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.