திரும்பும் வழிக்கும் ஒரு வரி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, தொழிலாளர் நலனுக்காகவே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தொழிற்சங்கப் பெரியவர் அவர்களே, வேலை தேடும் பருவத்திலுள்ள இளைஞர்களே, அவர்களுடன் வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் என் வணக்கம். நிலையற்ற காலத்தில் முடிவெடுப்பவருக்குத் துணிவைவிடத் தகவலே பெரிய துணை என்று தலைவர் அவர்கள் தொடக்கவுரையில் கூறினார்கள். என் உரைக்கு அதைவிடச் சிறந்த வாயில் அமையாது. அவர்களுக்கு என் நன்றி.

புதிய வேலைக்காக ஊர் மாறலாமா என்ற கேள்வியை வேலையின் உறுதி, குடும்பத்தின் நிலை, கையிலுள்ள சேமிப்பு என்ற மூன்று கோணங்களில் பார்க்கலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பழமொழி. அந்த ஆழத்தைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

2020-இல் பெருந்தொற்று பரவியபோது, பணிநியமனக் கடிதம் கொடுத்த பின்னரும் அதைத் திரும்பப் பெற்ற நிறுவனங்கள் பல. தக்க காரணமின்றி ஒருவரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. ஆனால் தகுதிகாண் பருவத்தில், அதாவது புதிதாகச் சேர்ந்தவரின் தகுதியைச் சோதித்துப் பார்க்கும் தொடக்கக் காலத்தில், இருப்பவர்களை அந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கிவைக்க அதே உடன்படிக்கை நாடுகளுக்கு இடமளிக்கிறது. பழைய வேலையில் சேர்த்துவைத்த பணிமூப்பும், அதைக் கொண்டு கணக்கிடப்படும் இழப்பீடும் புதிய இடத்திற்குக் கூட வருவதில்லை. ஆக, வீடு மாற்றிய செலவு தலைமேல் நிற்கும் அதே மாதங்களில்தான் சட்டத்தின் துணையும் மிகக் குறைவாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி கணக்குத் துறையில் பணியாற்றுபவர். தொலைவிலுள்ள ஒரு நிறுவனம் அவருக்கு நல்ல ஊதியத்தில் வேலை தந்து, இரண்டு வாரத்தில் வந்து சேருமாறு அவசரப்படுத்தியது. அவர் உடனே சம்மதிக்கவில்லை. "எனக்கு முன் இந்தப் பொறுப்பில் இருந்தவர் ஏன் போனார்?" என்று கேட்டார். தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. அடுத்தடுத்து மூன்று பேர் அந்தப் பொறுப்பை விட்டுப் போயிருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. அதன் பின்னும் அவர் மறுக்கவில்லை; கடிதத்தில் இருந்த ஒரு நிபந்தனையைச் சுட்டிக்காட்டினார். ஓராண்டுக்குள் அவராக விலகினால், ஊர் மாறுவதற்காக நிறுவனம் கொடுக்கும் இடமாற்றத் தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. "நீங்களாக என்னை விலக்கினால், நான் குடும்பத்துடன் திரும்பிப் போகும் செலவை யார் ஏற்பார்கள்?" என்று கேட்டார். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார்கள். அப்படியானால் முதலில் கேட்டவள் நானாகவே இருக்கட்டும் என்றார் அவர். நான்கு நாள் இழுத்தடித்த பிறகு, அந்தச் செலவை நிறுவனமே ஏற்கும் என்ற ஒரு வரியைக் கடிதத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆறாம் மாதம் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அவருடன் வேலைக்குச் சேர்ந்த இன்னொருவர் கடன் வாங்கித் திரும்பினார். இவர் நிறுவனத்தின் செலவில் திரும்பினார்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று தொழிலாளியிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாகாது, ஏனெனில் ஆழம் எவ்வளவு என்பது வேலை கொடுப்பவருக்குத்தான் முன்கூட்டியே தெரியும். நான் கேட்பது புதிய சலுகையும் அன்று. அரசு ஏற்பாட்டில் வேறு நாட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளிக்கு, அவர் பொறுப்பல்லாத காரணத்தால் உரிய வேலை கிடைக்காமற்போனால், அவரும் குடும்பத்தாரும் திரும்பும் செலவு அவர்மேல் விழக்கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். எல்லை கடந்து போகிறவருக்குப் பொருந்தும் நீதி, எல்லைக்குள்ளேயே ஊர் மாறுகிறவருக்கு ஏன் பொருந்தக் கூடாது?

குடும்பத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: தகுதிகாண் பருவம் முடியும்வரை ஒருவர் மட்டும் போய்த் தங்க இயலுமானால், வீட்டையும் பிள்ளைகளின் பள்ளியையும் அதுவரை மாற்றாதிருங்கள். சேமிப்பைப் பற்றிப் பேச நேரமில்லை.

ஊர் மாறச் சொல்லும் ஒவ்வொரு பணிநியமனக் கடிதத்திலும் நிறுவனமே விலக்கினால் திரும்பும் செலவை அதுவே ஏற்கும் என்ற வரி கட்டாயமாக இடம்பெற வேண்டும் என்ற கோரிக்கை மனு, இந்த அரங்கின் வாயிலில் வைக்கப்பட்டுள்ளது. முதல் கையெழுத்திடத் தலைவர் அவர்கள் அன்புடன் இசைந்திருக்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இங்கே சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்தையும் வேண்டி நிற்கிறேன். நன்றி, வணக்கம்.