ஓடமும் வண்டியும்: மேலை நாகரிகத்தை யார் வாயால் கேட்பது?

(மயிலாடுதுறையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வார்டில் தண்ணீர்ப் பிரச்சினை இருந்தும் நமக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர்களே, பத்திர எழுத்தர்களே (உங்களுக்கு இன்று தனியாக ஒரு கதை வைத்திருக்கிறேன்), பின்வரிசையில் கல்லூரிப் பேருந்துக்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவ மணிகளே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் ஐயாவிடம் ஒன்பதாம் வகுப்பில் வரலாறு படித்தவன் நான். அவர் எதிரிலேயே வரலாறு பேசச் சொல்லியிருக்கிறார்கள். தப்பு வந்தால் பெஞ்சு மேல் ஏற்றிவிடாதீர்கள் ஐயா, முழங்கால் வலி.

எனக்குக் கொடுத்த தலைப்பு, பழங்காலம் முதல் நவீன காலத் தொடக்கம் வரை மேலை நாகரிகம். இரண்டாயிரம் வருஷத்துக்கு நாற்பது நிமிஷம். ஐந்து விஷயம் சொல்கிறேன்: ஒன்று கிரேக்கர், இரண்டு ரோமர், மூன்று திருச்சபை, நான்கு மறுமலர்ச்சி, ஐந்து அச்சும் அறிவியலும். இந்த ஐந்துக்கும் பொதுவாக ஒரு பழமொழி உண்டு. காவிரிக் கரையில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்.

கிரேக்கரைப் பற்றிப் பேசினால், கிரேக்கத்தில் அரிசிக்குப் பெயர் 'ஒரிஸா', நம் அரிசிதான் அங்கே போய் அப்படி ஆச்சு என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவது மேடை வழக்கம். அறிஞர்களுக்குள் தீராத வழக்கு அது, நான் சாட்சி சொல்லப் போவதில்லை. யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. முசிறிச் சரக்குக்கான கடன் ஒப்பந்தம் ஒன்று கிரேக்க மொழியில் எழுதப்பட்டு, கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாளாக இன்றும் வியன்னாவில் இருக்கிறது. உறவுக்கு அது போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். பிளேட்டோ என்கிறோம். அவர் ஊரில் அவர் பெயர் பிளாட்டோன். அரபுக்காரர்கள் அஃப்லாதூன் என்றார்கள். வாயில் கொஞ்சம் மாறினாலும் கடைசி 'ன்' தப்பிப் பிழைத்தது. நமக்கு மட்டும் ஏன் போயிற்று? நாம் அவரை ஏதென்ஸில் சந்திக்கவில்லை, லண்டனில் சந்தித்தோம். மேலை நாகரிகம் என்று நாம் படிப்பதெல்லாம் இங்கிலீஷ்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக் கதையைக் கேட்டதுதான்.

மேலைநாட்டார் கதையும் ஒரு காலத்தில் இதே கதைதான். தாலமி என்பவர் 2ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிரேக்க மொழியில் ஒரு வானியல் நூல் எழுதினார். மேற்கு ஐரோப்பா கிரேக்க மொழியையே மறந்துவிட்டது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அந்த நூல் அரபுக்குப் போனது. 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கிரிமோனா ஊர்க்காரர் ஜெரார்டு, அந்த ஒரு நூலைத் தேடி ஸ்பெயினில் தொலேதோவுக்கு வந்தார். அங்கே அரபு கற்றுக்கொண்டு அதை லத்தீனில் பெயர்த்தார். வந்தவர் ஊர் திரும்பவில்லை. எழுபதுக்கு மேற்பட்ட நூல்களைப் பெயர்த்து 1187இல் இறந்தார். நூலின் பெயர் அல்மஜெஸ்ட். முன்னால் உள்ள 'அல்' அரபு, பின்னால் உள்ளது 'மிகப் பெரியது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். ஒரு பெயருக்குள்ளேயே ஓடமும் வண்டியும் இருக்கின்றன, பாருங்கள்.

இப்போது பெத்ரார்க் கதை. இத்தாலியக் கவி, பிறந்தது 1304. லத்தீனில் புலி, கிரேக்கம் தெரியாது. கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு பர்லாம் என்று ஒரு துறவியைப் பிடித்தார். பாடம் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே வாத்தியாருக்கு ஆயர் பதவி கிடைத்துக் கிளம்பிவிட்டார். நம் ஊர்ப் பள்ளிக்கு மட்டும்தான் நடு வருஷத்தில் மாறுதல் உத்தரவு வரும் என்று நினைக்காதீர்கள். அப்புறம், கிரேக்கம் பேசிய கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) நகரத்துத் தூதர் ஒருவர் ஹோமர் காவியத்தையே கிரேக்க ஏட்டில் அனுப்பிவைத்தார். 1354இல் நன்றிக் கடிதம் எழுதுகிறார் பெத்ரார்க்: உங்கள் ஹோமர் எனக்கு ஊமை, இல்லை, நான்தான் அவருக்குச் செவிடு. ஆனாலும் அடிக்கடி அந்தப் புத்தகத்தைக் கட்டியணைத்துக்கொள்கிறேன் என்கிறார். படிக்கத் தெரியாத புத்தகத்தை ஒரு பெரிய மனிதர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்! அந்தக் காட்சியை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது, கேட்டவர்கள் மன்னிக்கவும்.

அவருடைய நண்பர் பொக்காச்சியோ ஓர் ஆளைப் பிடித்து வந்தார். பெயர் லியோன்சியோ பிலாத்தோ. தாடி, சிடுமூஞ்சி, நாகரிகமாகப் பேசத் தெரியாது. சொந்த ஊர் தென் இத்தாலி, ஆனால் கிரேக்கன் என்று சொல்லிக்கொள்வார். பொக்காச்சியோ அவரை ஃபிளாரன்ஸில் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அத்தனை முணுமுணுப்பையும் பொறுத்துக்கொண்டு ஹோமரைச் சொல்லுக்குச் சொல் லத்தீனில் பெயர்க்க வைத்தார். வேலை முடிந்ததும் இத்தாலியே பிடிக்கவில்லை என்று கான்ஸ்டான்டினோபிளுக்குப் போனார் மனிதர். போனவருக்கு அந்த ஊரும் பிடிக்கவில்லை. திரும்பி வருகிறேன், கூப்பிடுங்கள் என்று கடிதம். பெத்ரார்க் பதில் போடவில்லை. கூப்பிடாமலே கப்பலேறிவிட்டார். நடுக்கடலில் புயல். எல்லோரும் கிடைத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க, இவர் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டார். இடி நேராக அந்த மரத்தின் மேலேயே விழுந்தது.

செய்தி பெத்ரார்க்குக்கு வந்தது. வருந்தத்தான் செய்தார். ஆனால் கையோடு இன்னொன்றும் விசாரித்தார்: அவர் மூட்டையில் கிரேக்க நாடகாசிரியர்கள் சோஃபக்ளீஸ், யூரிப்பிடீஸ் ஏடு ஏதாவது இருந்ததா? (கூட்டத்தில் சிரிப்பு.) சிரிக்கிறீர்கள். சங்க ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா. பரம்பரையில் வந்த நாம், அந்தக் கேள்வியைக் குறை சொல்ல முடியுமா?

1397இல்தான் விடிந்தது. மானுவல் கிரிசொலோராஸ் என்ற அறிஞரை ஃபிளாரன்ஸ் நகரம் சம்பளம் கொடுத்துக் கிரேக்கம் கற்பிக்க அழைத்தது. நகரமே அழைத்தது என்பதைக் கவனியுங்கள், உறுப்பினர் அம்மா. சட்டம் படித்துக்கொண்டிருந்த லியோனார்தோ புரூனி, சட்டம் சொல்லித்தர ஆயிரம் பேர் உண்டு, இது இப்போது விட்டால் கிடைக்காது என்று இந்த வகுப்புக்கு ஓடினார். சென்ற வருஷம் ஒரு கல்லூரிக்கு நான் கிரேக்க வகுப்பு கேட்டு விண்ணப்பத்தோடு போனபோது கேட்டார்கள், 'கிரேக்கம் படித்தால் வேலை கிடைக்குமா சார்?' அன்றைக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை, இன்று சொல்கிறேன். புரூனிக்குக் கிடைத்தது. 1427 முதல் சாகும் வரை ஃபிளாரன்ஸ் குடியரசின் தலைமைச் செயலாளர்.

பத்திர எழுத்தர்களே, உங்கள் கதைக்கு வந்துவிட்டேன். ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதி முழுவதையும் போப்புக்கு எழுதிவைத்ததாக ஒரு தானப் பத்திரம். பல நூற்றாண்டாக அதைக் காட்டி உரிமை பேசினார்கள். 1440இல் லொரென்சோ வல்லா என்ற லத்தீன் இலக்கணக்காரர் அதை வரி வரியாகப் படித்தார். 'சத்ராப்' என்று ஒரு சொல் நெருடியது. பாரசீக மாகாண அதிகாரியின் பட்டம், ரோம அரசவைக்கு என்ன வேலை அதற்கு? கான்ஸ்டான்டினோபிள் திருச்சபையின் பெரிய பீடமாகாத காலத்திலேயே அதைப் பீடம் என்கிறது பத்திரம். 1920ஆம் வருஷக் கிரயப் பத்திரத்தில் செல்போன் எண் இருந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? வல்லாவும் அதையே சொன்னார்: போலி. அவரை ஆதரித்த நேப்பிள்ஸ் அரசருக்கும் போப்புக்கும் அப்போது தகராறு என்பது வேறு விஷயம். ஆனாலும் மொழிபெயர்ப்பை மட்டும் படித்தவனுக்கு அந்தச் சொல் நெருடியிருக்குமா?

நேரம் ஓடுகிறது. ரோமரைப் பற்றிப் பேசவே இல்லை என்று தலைவர் ஐயா கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். ரோமர் தங்களாலேயே நிலைத்தவர்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அச்சைப் பற்றி ஒன்றே ஒன்று. போப்பை எதிர்த்துப் புராட்டஸ்டன்ட் சபைக்கு வழி திறந்த ஜெர்மானியர் லூத்தர், 1522இல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து ஜெர்மனில் வெளியிட்டார். அவர் வழியில் வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் ஆனா ஆவன்னா எழுதித் தமிழ் கற்றார். கிரேக்கத்திலிருந்து அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் அங்கேயே அச்சாகி முடிந்தது, நடுவில் இங்கிலீஷ் இல்லாமல். இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. ஓடம் நம் கரைக்கே வந்து வண்டியில் ஏறிய இடம் அது. முந்நூறு வருஷம் கழித்து, பிளாட்டோனைக் கிரேக்கத்திலிருந்து தமிழாக்க இந்த மாவட்டத்தில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கஷ்டமில்லை, மாணவர்களே. ஆல்ஃபா, பீட்டா, தீட்டா என்று கணக்கு வாத்தியார் முக்கோணத்தின் மூலையில் எழுதினாரே, அதுதான் கிரேக்க எழுத்து. மொத்தமே 24. 247 எழுத்தைக் கரைத்துக் குடித்தவனுக்கு 24 ஒரு பொருட்டா? நான் 53 வயதில் முகச்சவரக் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் படித்தேன். மோவாயில் இரண்டு வெட்டு, அவ்வளவுதான் நஷ்டம்.

சீட்டு வந்துவிட்டது. அறிவியலும் கொப்பர்நிக்கஸும் அடுத்த கூட்டத்துக்கு. மாவட்டத்தில் ஏதாவது ஒரு கல்லூரியில் கிரேக்கம், லத்தீன் இரண்டுக்கும் மாலை நேரச் சான்றிதழ் வகுப்பு கேட்கிறோம். மனு டீ கேனுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. உறுப்பினர் அம்மாவின் கையெழுத்துக்கு முதல் வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். நூலில் கட்டிய பேனா இரண்டு இருக்கும். போன தடவை ஒன்றை நூலோடு காணவில்லை. எடுத்தவர் அதிலேயே கையெழுத்துப் போட்டாலும் சரி. வணக்கம்.